நீலப்பூ மேசையின் ஜோடி

வெயிலில் வந்தவருக்கு உடனே தண்ணீரைக் கொடுத்துவிடக் கூடாது, ஐயா. முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் தம்ளரை நீட்ட வேண்டும். பதினொரு வருடத்தில் முந்நூற்று நாற்பது லாரி ஓட்டுநர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன், ஒருவருக்குக்கூடப் புரையேறியதில்லை. இதை வாக்குமூலத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதில் என்னைப் பற்றி நல்லதாக எழுத உங்களுக்கு அதிகம் அகப்படாது என்று என் மனைவி சொல்லி அனுப்பினாள்.

நீங்கள் கேட்டது எங்கள் தெருமுனையில் நிற்கும் எடைப் பலகையைப் பற்றி. ஒளிக்க ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்கள் இரண்டே இரண்டு. இரண்டையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு நீளமானது, ஒடுக்கமானது. ஒரு முனையில் பெரிய சாலை, மறுமுனையில் சரக்குக் கிடங்கு, நடுவில் ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம். உள்ளே நுழைந்த லாரி பாதியில் திரும்ப முடியாது. மூக்கை நுழைத்துவிட்டால் மறுமுனையில்தான் வெளியே வர வேண்டும். சுற்றிக்கொண்டு போனால் பதினான்கு கிலோமீட்டர். ஆகவே லாரிகள் எல்லாம் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. அவரவர் பிழைப்பு.

நான் சாலைத் துறையில் முப்பத்தோரு வருடம் பலகை எழுதியவன். இந்த ஊரைச் சுற்றி எந்தச் சாலையில் நின்று பார்த்தாலும் பத்து என்றால் அது என் பத்து. சுழியத்தின் வயிறு கொஞ்சம் கீழே தொங்கும். அது ஒரு குறைதான். ஆனால் எல்லாப் பலகையிலும் ஒரே மாதிரி தொங்கியதால் அதுவே துறையின் எழுத்து என்று ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் வந்தவர்களும் வயிறு தொங்கவிட்டே எழுதினார்கள்.

ஓய்வு பெற்ற வருடம் என் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. வீட்டுக்கு அனுப்பும்போது, மத்தியானம் கட்டாயம் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சரியாக அந்த நேரத்துக்குத்தான் கிடங்குக்கு லாரிகள் திரும்பும். அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு லாரிக்கும் அவள் கண்ணைத் திறப்பாள். ஒரு மனுஷி நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். இது ஒரு குற்றத்தின் ஆரம்பம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்கு அன்று தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு வட்டத் தகர மேசைகள் இருந்தன. கல்யாணமான வருடம் ஜோடியாக வாங்கியது. வெள்ளைப் பரப்பில் ஓரம் முழுவதும் நீலப்பூ. ஒன்றின் காலைக் கழற்றிவிட்டு, பூ இல்லாத அடிப்பக்கத்தில் வெள்ளை அடித்து, சிவப்பு வளையம் போட்டு, நடுவில் 10 டன் என்று எழுதினேன், அதற்கு மேல் எடையுள்ள வண்டி உள்ளே வரக் கூடாது என்று அர்த்தம். வளையம் மட்டும் மூன்று கோட் பிடித்தது.

பட்டப்பகலில்தான் நட்டேன். மறைந்து செய்யவில்லை. துறை கொடுத்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். அது ஒன்றுதான் பெயின்ட் பட்டால் பரவாயில்லை என்கிற சட்டை. தெருமுனையில் மெத்தைக் கடையின் சுவரை ஒட்டிக் குழி தோண்டினேன். மெத்தைக் கடைக்காரரே வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாய்க்கணும் சார். ரிட்டயர் ஆனப்புறமும் உங்கள விடமாட்டேங்குறாங்களா?" என்றார்.

"மனசு கேக்கல" என்றேன். அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "என்னங்க, இன்னொரு மேசை எங்க?" என்று கேட்டாள். பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டார் என்றேன். முதல் பொய் அது.

ஒரு வாரத்தில் லாரிகள் நின்றுவிட்டன. அந்த அமைதியில் நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். மூன்று மாதத்தில் மனைவி தேறிவிட்டாள், கிணற்றடி வரை நடந்தாள். திங்கட்கிழமை பலகையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை பதிவேட்டுக்காரர் வந்து நின்றார்.

பாவம், சைக்கிளில் வந்திருந்தார். ஊரில் இருக்கும் பலகைகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை. அவரை உட்காரச் சொன்னேன்.

"சார், என் ரிஜிஸ்தர்ல எரநூத்துப் பன்னெண்டு பலகைதான். ரோட்ல எரநூத்துப் பதிமூணு நிக்குது."

"ரெண்டு தடவ எண்ணிப் பாத்தீங்களா?"

"நாலு தடவ எண்ணியாச்சு. கொறஞ்சா திருடு போச்சுன்னு எழுதிடலாம். கூடிப்போனா என்னத்த எழுதுறது? பலகை என்ன குட்டியா போடும்?"

நான் சொல்லியிருப்பேன், ஐயா. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் நிலைமையைப் பாருங்கள். ஒருவர் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமா, இல்லை நம் கதையைச் சொல்ல வேண்டுமா?

"ரிஜிஸ்தர்ல விட்டுப்போயிருக்கும். எழுத்தப் பாருங்க, துறையோட எழுத்துதானே" என்றேன்.

அவர் முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "சுழி தொங்குது சார். நம்ம பலகைதான்." இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதினார். காரணம் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாலமாயிருக்கும்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகு, அவர் கண் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை பலகையை நான் எடுத்திருந்தால் அந்த மனிதருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஆகியிருக்கும்.

பாலம் என்று எழுதிவிட்டதால் பாலத்தைப் பார்க்கப் பொறியாளர் வந்தார். கருவிகளை வைத்து இரண்டு நாள் அளந்தார். நாற்பது டன் தாங்கும் என்று வந்தது. பலகை பத்து என்று சொல்கிறதே என்று யோசித்துவிட்டு, கருவிகளைப் பழுதுபார்க்க அனுப்பினார். அதற்கடுத்த மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு இன்ஸ்பெக்டரைப் போட்டார்கள்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூச்ச சுபாவம், முழங்கால் வலி. டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். லாரி வந்தால் எழுந்து, முதலில் வணக்கம் சொல்லிவிட்டு, பிறகுதான் அபராதச் சீட்டு எழுதுவார். தினமும் பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் டீ குடிக்க வருவார். அந்த அரை மணி நேரம் தெருவில் காவல் கிடையாது. இது பின்னால் வரும்.

சீட்டு வாங்கியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? சரக்கு ஏற்றிய வண்டிக்காரர்கள் பலகையைப் பார்த்ததும் சுற்றிப் போய்விடுவார்கள். மாட்டுகிறவர்கள் எல்லாம் காலி வண்டிக்காரர்கள். சரக்கை இறக்கிவிட்டோம், வண்டி லேசாக இருக்கிறது, பத்து டன்னுக்குள்தான் இருக்கும் என்று நம்பி வருவார்கள். சட்டம் அப்படி இல்லை. வண்டியின் கதவில் மொத்த எடை என்று ஒன்று எழுதியிருக்கும் அல்லவா, அதுதான் கணக்கு. உள்ளே ஒரு செங்கல்கூட இல்லாவிட்டாலும், கதவில் பதினாறு டன் என்றிருந்தால் அது பதினாறு டன் வண்டி. நல்ல ஓட்டுநர்கள்கூட இதில் தடுக்கி விழுவார்கள். ஆறு சீட்டு சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

முதல் ஆள் மாட்டிய அன்று என் வாசலில்தான் லாரி நின்றது. இறங்கி வந்து திண்டாடி நின்றார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். மேல்முறையீடு எழுதத் தெரியாது என்றார். நீலப்பூ மேசையில் காகிதத்தை விரித்து நானே எழுதிக் கொடுத்தேன். போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் மழை பெய்யுது சார்" என்றார். அன்று மத்தியானம் நானும் தூங்கினேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நல்ல தூக்கம்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. "சீட்டு வாங்கினா பச்சக் கதவு வீட்டுக்குப் போ, அந்தப் பெரியவர் பாத்துப்பார்" என்று ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மனைவி பெரிய பாத்திரத்தில் டீ போட ஆரம்பித்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

நான் எழுதிய மேல்முறையீடுகளில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை என்பது உண்மைதான். அதற்குக் காரணம் உண்டு. எதிரில் இருப்பவர் கைநாட்டு வைப்பவராக இருந்தாலும், அவர் பெயரில் பொய் எழுத என் மனம் இடம் கொடுக்காது. எல்லா மனுவும் ஒரே வரியில்தான் தொடங்கும்: "பலகை தெளிவாகத் தெரிந்தது, தவறு என்னுடையதே." தவறை ஒப்புக்கொள்ளும்போது மனம் சுத்தமாகிறது. மனம் சுத்தமானவனுக்கு லைசென்ஸ் ஒரு பொருட்டா? விசாரணை அதிகாரிகள் அந்த வரியைப் படித்ததும் மிகவும் மரியாதையாகத் தண்டிப்பார்கள் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

நான்காவது வருடம் ஒரு சங்கடம் வந்தது. ஓட்டுநர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. இன்ஸ்பெக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கி ஒரு நாள் கீழே விழுந்தார். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடப் போவதாகப் பேச்சு. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு புது ஊரில் என்ன செய்வார்? பத்தை ஏழாக்கினேன். சின்ன லாரிகள் வர ஆரம்பித்தன. எட்டாவது வருடம் ஏழை மூன்றாக்கினேன். பதிவேட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் தன் பதிவேட்டில் திருத்திக்கொண்டார். பலகை தப்பாக இருக்க முடியாது அல்லவா?

மெத்தைக் கடை எரிந்ததைப் பற்றியும் கேட்பீர்கள். தீயணைப்பு வண்டி நாலே நிமிடத்தில் வந்துவிட்டது. பலகைக்கு முன்னால் வந்து நின்றது. கடைக்கு வாசல் அந்த ஒடுக்கத் தெருவின் உள்பக்கம், கொஞ்சம் தள்ளி. சுவர்தான் முனையில். அவசர வண்டிகளுக்கு விலக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வண்டியின் ஓட்டுநர் முன்பு தனியார் லாரி ஓட்டி, என்னிடம் இரண்டு மனு எழுதிக்கொண்டவர். மனம் சுத்தமானவர். உள்ளே நுழையவே மாட்டேன் என்றுவிட்டார். வீரர்கள் வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். யாருக்கும் காயமில்லை, மெத்தைகள்தான் போயின. ஓடியவர்கள் எல்லோருக்கும் நான் தண்ணீர் கொடுத்தேன். உட்காரச் சொல்லத்தான் நேரமில்லை.

இப்போது ஏணியின் விஷயம்.

செங்கல் லாரி ஓட்டுகிறவர். ஆறரை அடி உயரம். கூட வேலை செய்கிறவர்கள் ஏணி என்று கூப்பிட்டு, அவர் பெயரே அதுவாகிவிட்டது. ஐந்து சீட்டு வாங்கியவர். ஐந்து மனுவும் நான் எழுதியதுதான். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவார், அந்த முறையில் என்னை மாமா என்பார். எங்கள் வீட்டு வாசல் நிலையில் அவர் தலை இடிக்காத நாளில்லை.

"அக்கா, இந்த நிலைக்கும் ஒரு பலகை வைங்க. ஆறடிக்கு மேல அனுமதி இல்லன்னு" என்பார்.

"தலையக் குனிஞ்சு வரக் கத்துக்க. எப்பப் பாரு கலெக்டர் மாதிரி நிமிந்துக்கிட்டு" என்பாள் அவள்.

மேசையின் நீலப்பூக்களை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரே மகள். மனைவி இறந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு இவர்தான் தலை பின்னிவிடுவாராம். "இதுக்கு ஒரு ஜோடி இருந்துச்சுப்பா. இவரு இரும்புக்காரன்கிட்டத் தூக்கிக் குடுத்துட்டாரு" என்று என் மனைவி ஒரு நாள் சொன்னாள். "இதே மாதிரி எங்கயாவது கண்ணுல பட்டா வாங்கிட்டு வரேன் அக்கா" என்றார். சொன்னதை மறக்கிறவர் இல்லை. பழைய சாமான் கடைகளில் எல்லாம் விசாரித்தாராம்.

ஐந்தாவது சீட்டுக்குப் பிறகு அவர் பயந்துவிட்டார். ஆறாவது வாங்கினால் பிழைப்புப் போய்விடும், மகள் படிப்பு நின்றுவிடும். ஐந்து மாதம் எங்கள் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பதினான்கு கிலோமீட்டர் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். என் மனைவி தினமும் கேட்பாள், அவன் ஏன் வரவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று. மூன்றாவது தம்ளரை எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப அலமாரியில் கவிழ்ப்பாள். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருந்தால் தெரியும்.

ஒரு நாள் பதினொன்றே கால் மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. தெருமுனையில் நிற்கிறார். மகள் பரீட்சைக்கு வேண்டிய அனுமதிச் சீட்டை லாரியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். தேர்வு மையம் கிடங்குக்கு அந்தப் பக்கம். சுற்றிப் போனால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"மாமா, காலி வண்டிதான். இன்ஸ்பெக்டர் இருக்காரா?"

நான் ஒரு பதில் சொன்னேன். என்ன பதில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் வண்டியை உள்ளே விட்டார். பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே இன்ஸ்பெக்டர் வணக்கம் சொல்லி நிறுத்தினார். ஆறாவது சீட்டு.

ஆனால் இதைக் கேளுங்கள். விஷயத்தைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் அந்த அனுமதிச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு போய், கதவு சாத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார். பதினொரு வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. ஏணி இடையில் மாட்டாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு நல்ல காரியம் அந்த மனிதர் கையால் நடந்திருக்குமா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது மனுவையும் நானே எழுதினேன். லைசென்ஸை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஏணி வந்தார். நடந்து வந்தார். தோளில் மண்வெட்டி, கையில் ஒரு சின்ன மூட்டை சிமென்ட். அந்த வாரம் அடித்த காற்றில் பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"ஓட்டுன வண்டியிலயே இப்போ கல்லு எறக்குறேன் அக்கா. மேல உக்காந்திருந்தவன் கீழ நிக்கிறேன், அவ்வளவுதான்" என்று சிரித்தார். அவர் உள்ளங்கைகள் வெடித்திருந்தன. "பலகை சாஞ்சு கெடக்கு. தெரியாம வர்றவன் மாட்டிக்குவான். எனக்குத்தான் போச்சு, வர்றவனுக்காவது தெரியட்டும்."

நான் வேண்டாம் என்றேன். துறை பார்த்துக்கொள்ளும் என்றேன். "துறை எப்ப வர்றது மாமா, பத்து நிமிஷ வேல" என்று போய்விட்டார்.

மெத்தைக் கடையின் சுவர் நெருப்பில் பாதி இடிந்திருந்தது. பதினொரு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பலகையின் பின்பக்கம் இப்போது வெளிச்சத்துக்கு வந்திருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கம்பத்தைப் பிடுங்கிக் கீழே சாய்த்தார். குனிந்தார். நிமிரவேயில்லை வெகு நேரம். பிறகு விரலால் ஓரத்தைத் தடவினார், எங்கள் வீட்டு மேசையைத் தடவுவது போலவே.

அவர் கத்தவில்லை. கம்பத்தைத் தூக்கி நேராக நட்டு, சிமென்டைக் குழைத்து ஊற்றி, ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்தார். முன்பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே சாலையைப் பார்த்து வைத்தார். வீட்டுக்கு வந்து கைகழுவினார். என் மனைவி டீயை வைத்தாள். குடித்தார்.

"எங்கயாச்சும் பாத்தியாப்பா அந்த மேசைய?" என்று அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "இன்னும் இல்லக்கா" என்றார்.

வாசலில் செருப்பைப் போடும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "மாமா, ஈரம் காயற வரைக்கும் யாரும் தொடாமப் பாத்துக்கங்க." அன்று நிலையில் அவர் தலை இடிக்கவில்லை. குனிந்து போனார்.

அன்றிலிருந்து நான் காத்திருந்தேன், ஐயா. போய்ச் சொல்லுவார், ஆள் வரும் என்று. ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள். ஒருவரும் வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்திருக்கும். அது அவருக்கும் தெரியும். அக்கா அழுவாள் என்று வாயை மூடிக்கொண்டு கல் இறக்கிக்கொண்டிருக்கிறார். முந்நூற்று நாற்பது தம்ளர் தண்ணீரையும் ஒரு தட்டில் வைத்து, இதை இன்னொரு தட்டில் வைத்தால் எந்தப் பக்கம் இறங்கும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைத் தொடர்ந்து யோசிக்கவில்லை.

பத்தாவது நாள் என் மனைவி கையில் செம்போடு வெளியே போனாள். புது சிமென்டுக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் வெடித்துவிடும், பாவம் அவன் போட்டது வீணாகிவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். தெருமுனை வரைக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"அந்த இரும்புக்காரரு ரொம்ப தூரம் போகல போலிருக்கே."

"உனக்காகத்தான்" என்றேன். "நீ தூங்கணும்னுதான்."

"எனக்கு லாரி சத்தம் ஒரு தொந்தரவும் பண்ணல. தெருவுல ஆளுங்க போறாங்க வர்றாங்கன்னு அது ஒரு துணையா இருந்துச்சு. என்னத் தூங்கவிடாதது நீங்கதான். பக்கத்துலயே நாற்காலியப் போட்டுக்கிட்டு, 'தூங்கிட்டியா, தூங்கிட்டியா'ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ கேட்டீங்களே, நெனப்பிருக்கா?"

நினைவில்லை. கேட்டிருக்கலாம். அக்கறையில் கேட்டிருப்பேன்.

"நீங்களே போய்ச் சொல்றீங்களா, இல்ல நான் போகட்டுமா?" என்றாள். அவளுக்கு வெயில் ஆகாது. அதனால் நானே வந்தேன்.

இப்போது மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் துறை எடைப் பலகை வைக்கும்போது அதன் கீழே ஒரு சின்னத் தகடும் வைக்க வேண்டும் என்பது விதி: காலி வண்டிக்கும் பொருந்தும். முப்பத்தோரு வருடத்தில் அந்தத் தகட்டை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். என் பலகைக்குக் கீழே அதை வைக்கவில்லை. மேசையில் இடமில்லை. தகடு இல்லாத பலகையை வைத்துக் காலி வண்டிக்குச் சீட்டு எழுதினால் அது செல்லாது. மனுவில் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் முந்நூற்று நாற்பது பேரும் அன்றைக்கே வெளியே வந்திருப்பார்கள். எனக்கு அது முதல் நாளே தெரியும். ஆனால் அப்படி எழுதினால் அது குறுக்கு வழி. தவறை உணராமல் ஒருவர் தப்பித்துப் போவதற்கு நான் துணைபோக முடியாது. தப்பித்துப் போகிறவர் டீ குடிக்கவும் உட்கார மாட்டார்.

இரண்டாவது பொய்யும் பாக்கி இருக்கிறது. ஏணி போனில் கேட்டபோது மணி பதினொன்றே கால் என்றேன் அல்லவா? இன்ஸ்பெக்டர் எனக்கு எதிரில், நீலப்பூ மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முதல் மடக்குதான் ஆகியிருந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் லாரி தெருவைக் கடந்து போயிருக்கும். அவருடைய முழங்காலுக்கு அவர் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் மறுமுனை வந்திருக்கும்.

"அவர் இன்னிக்கு லீவு. தைரியமா வா" என்று ஏணியிடம் சொன்னேன்.

"யாரு சார் போன்ல?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவரிடம் நான் உண்மையைத்தான் சொன்னேன். "ஏணி. இந்த வழியாதான் வர்றார்."

அவர் பெருமூச்சு விட்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நான் சமையலறைப் பக்கம் திரும்பி, "மூணாவது தம்ளர எடுத்து வை" என்று மனைவியிடம் சொன்னேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நீங்கள் பார்த்திருந்தால், ஐயா, நீங்களும் அதையே செய்திருப்பீர்கள்.

பலகையைக் கழற்ற ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். நல்லது. மேசையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏணிக்கு லைசென்ஸ் திரும்ப வேண்டுமானால், இந்த வாக்குமூலத்தோடு அவர் பெயரில் ஒரு மனு வேண்டும் என்றும் சொன்னீர்கள். அவருக்கு எழுத வராது. பாவம், கைகள் வேறு வெடித்துக் கிடக்கின்றன. இன்று காலை புறப்படும்போது மனைவி என் பேனாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். ஏன் என்று தெரியவில்லை. பரவாயில்லை, உங்கள் மேசையில் ஒன்று இருந்தது. நீங்கள் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவருக்காக மனுவை ஆரம்பித்தும்விட்டேன். முதல் வரி நன்றாகவே வந்திருக்கிறது: "பலகை தெளிவாகத் தெரிந்தது; தவறு என்னுடையதே."